நஞ்சையை மனையாக்க அரசின் அனுமதி எதற்கு? நில வரத்து பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்சிக்குக் கிழக்கே 14 கிலோமீட்டர் தள்ளி, உய்யக்கொண்டான் பாசனத்தில் அப்பா பெயரில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கிடைப்பதில்லை. அப்பாவுக்கும் வயதாகிவிட்டது. மனையாகப் பிரித்து விற்கலாம் என்று விசாரித்தால், "விவசாய நிலம், அனுமதி கிடைக்காது" என்கிறார்கள். ஆனால் அரை கிலோமீட்டர் தொலைவில் இன்னொருவருடைய வயல் கல் நட்டு மனையாக விற்றுப்போய்விட்டது. "என் நிலத்தில் நான் என்ன செய்யலாம் என்று சொல்ல அரசு யார்? இப்படிப் பூட்டிவைப்பதால்தானே மனை விலை ஏறுகிறது?" என்று முடித்திருந்தீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று உரிமை பற்றியது, மற்றொன்று விலை பற்றியது. முதலாவதற்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதில் இந்தத் துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

நான் நகர் ஊரமைப்பு படித்தவன். 27 ஆண்டுகளாக மனைப்பிரிவு வரைபடங்கள் தயாரிப்பதும், நிலத்தின் உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பம் தயாரித்துக் கொடுப்பதும்தான் என் வேலை. வக்கீல் இல்லை. உங்கள் பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் எதையும் நான் பார்க்கவில்லை என்பதால் உங்கள் நிலத்துக்கு அனுமதி கிடைக்குமா கிடைக்காதா என்று இங்கே தீர்ப்பு சொல்ல மாட்டேன். எதைப் பார்த்து அதை முடிவு செய்கிறார்கள், ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதைச் சொல்ல முடியும்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். நிலத்தை விற்க உங்களுக்குத் தடை எதுவும் இல்லை. நாளைக்கே ஒன்றரை ஏக்கரையும் நஞ்சையாக வேறொருவருக்குக் கிரயம் செய்து கொடுக்கலாம். கட்டுப்பாடு நிலத்தின் உபயோகத்தின் மீதுதான் இருக்கிறது. சொத்துரிமை 1978-ல் வந்த 44-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தோடு அடிப்படை உரிமைகள் பட்டியலிலிருந்து நீங்கியது. இப்போது 300ஏ பிரிவின் கீழ், சட்டத்தின் அதிகாரமின்றி யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்ற அளவில் அது நிற்கிறது. தமிழ்நாட்டில் அந்தச் சட்ட அதிகாரம் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்திலிருந்து வருகிறது. உங்கள் கிராமம் ஒரு திட்டப் பகுதிக்குள், அதாவது இந்தச் சட்டப்படி திட்டமிடுவதற்கென்று அறிவித்த பகுதிக்குள் இருந்தால், முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளானில்) அந்தச் சர்வே எண்ணுக்கு என்ன உபயோகம் குறித்திருக்கிறதோ, உபயோக மாற்றத்துக்கு அனுமதி வாங்காமல் அதற்கு மாறாக எதுவும் செய்ய முடியாது. திட்டப் பகுதிக்கு வெளியே இருந்தால் பல காலம் கேட்பாரில்லாமல்தான் இருந்தது. பிறகு அதே சட்டத்தில் 47-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, 2017-ல் அதற்கு விதிகளும் கொண்டுவந்தார்கள். அதன்படி, வெளிப் பகுதியில் உள்ள விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றவும் அனுமதி வேண்டும். நஞ்சையாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். ஆகவே நீங்கள் முதலில் கேட்க வேண்டியது உங்கள் கிராமம் திட்டப் பகுதிக்கு உள்ளேயா வெளியேயா என்பதைத்தான். உங்களைத் திருப்பி அனுப்பியவர் எதை வைத்துச் சொன்னார் என்பது உங்கள் கேள்வியிலிருந்து தெரியவில்லை. வாய்மொழியாகச் சொன்னதை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, அரசு ஏன் இதில் தலையிட வேண்டும்? உங்கள் நிலத்தை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றரை ஏக்கர் என்பது 65,340 சதுர அடி. எந்த அனுமதியும் இல்லாமல் ஒருவர் பிரிக்கிறார் என்று வையுங்கள். 16 அடித் தெரு போடுவார். ஐந்தில் ஒரு பங்கு தெருவுக்குப் போனால் மீதி 52,000 சதுர அடி. 1,200 சதுர அடி மனையாக 43 தேறும். அனுமதி பெற்றுப் பிரித்தால் தெரு பொதுவாக 23 அடிக்குக் குறையாமல், நீளமான தெருவானால் 30 அடி என்று வர வேண்டும். பக்கத்துத் தெருக்களோடு இணைய வேண்டும். முனைகளில் வண்டி திரும்ப இடம் விட வேண்டும். அதற்கே சுமார் முப்பது சதவீதம் போய்விடும். தெரு போக மீதியில் பத்து சதவீதம் பூங்காவுக்கு. உங்கள் நிலம் சுமார் 6,070 சதுர மீட்டர். 10,000 சதுர மீட்டருக்கு உட்பட்டது என்பதால், அந்த இடத்தை ஒதுக்க வழியில்லாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டவும் இடமுண்டு. இடமாகவே கொடுத்தால் மிஞ்சுவது 34 மனை. இரண்டு கணக்குக்கும் இடையில் உள்ள அந்த ஒன்பது மனைகள்தான் தீயணைப்பு வண்டி உள்ளே வரும் தெரு, மழைத் தண்ணீர் ஓடும் வடிகால், பிள்ளைகள் விளையாடும் மைதானம். பத்து சதவீதத் திறந்தவெளி ஒதுக்கீடு செல்லாது என்று வழக்கு நடந்து, 2023-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. பிரித்து விற்பவர் அந்த ஒன்பதையும் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால், 43 குடும்பங்களும் ஆயுளுக்கும் 16 அடித் தெருவில்தான் இருக்க வேண்டும். வீடு கட்டிய பிறகு தெருவை அகலமாக்க யாராலும் முடியாது. ஊரமைப்பில் திருத்தவே முடியாத தவறு இது ஒன்றுதான் என்பேன். கட்டடம் ஐம்பது ஆண்டில் இடிந்து புதிதாகும், தெருவின் அகலம் நூறு ஆண்டுக்கும் அப்படியே கிடக்கும்.

நஞ்சை விஷயத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு என்று பெரிய சொல்லால் அதைச் சொல்வார்கள். எனக்கு அது வாய்க்கால் சம்பந்தப்பட்டதாகத்தான் படுகிறது. புன்செய் நிலம் தனியாக நிற்கும், கிணறோ மழையோ அதற்குப் போதும். நஞ்சை அப்படி இல்லை. பிரதான வாய்க்காலிலிருந்து கிளை, கிளையிலிருந்து கன்னி என்னும் சிறு வாய்க்கால், கன்னியிலிருந்து மடை, சில இடங்களில் வயலிலிருந்து வயலுக்கு என்று ஒரு நிலத்தின் தண்ணீர் அடுத்த நிலத்தின் வழியாகத்தான் போய்ச் சேருகிறது. நடுவில் இருக்கும் ஒருவர் மண்ணடித்து மேடாக்கினால் கீழே உள்ளவருக்குத் தண்ணீர் வருவது நின்றுபோகும். மேலே உள்ளவருக்கோ மழைக்காலத்தில் வடியாமல் தேங்கும். பத்திரத்தில் உங்கள் பெயர் மட்டும் இருந்தாலும், அந்த வயல் வேலை செய்வது இருபது பேரின் வயலோடு சேர்ந்துதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் டெல்டாவில் நாலு ஏக்கர் நஞ்சைக்கு ஒரு வரைபடம் போட்டேன். நிலத்தின் குறுக்கே மூன்றடி வாய்க்கால் ஓடியது. மனைகள் சதுரமாக வர வேண்டும் என்பதற்காக அதை மனைகளின் பின்பக்கமாக ஓரமாய்த் திருப்பி வரைந்தேன். தாளில் வாய்க்கால் இருந்தது, அகலமும் இருந்தது. பார்க்க வேண்டியவர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். மனை வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வீடு கட்டியபோது பின்னால் இருந்த வாய்க்காலில் கட்டட இடிபாடு விழுந்தது, அப்புறம் குப்பை, அப்புறம் ஒருவர் கழிவுநீர்க் குழாயையே அதில் விட்டார். நாலாவது வருடம் கடைமடையில் இருந்த பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்து, "தம்பி, நீங்க வரைஞ்ச வாய்க்கால்ல தண்ணி வரலை" என்றார். அவருடைய வயல் அப்போது இரண்டு போகமாகத் தரிசு. நான் எந்த விதியையும் மீறவில்லை. ஆனாலும் அந்த நிலம் என்னால்தான் காய்ந்தது. அதற்குப் பிறகு வாய்க்கால் போகும் எந்த நிலத்திலும் அதை மனைக்குப் பின்னால் நான் வரைவதில்லை. தெருவோரமாக, எல்லோர் கண்ணிலும் படும்படிதான் வரைகிறேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி 2020-ல் ஒரு சட்டம் வந்தது. இனி டெல்டாவில் வயல் மனையாகாது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்ற குறிப்பிட்ட தொழில்களைத்தான். வீட்டுமனைப் பிரிவு அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. படுகையில் வயலைத் தின்பதில் பெரிய பங்கு ஆலைகளைவிட மனைக் கற்களுக்குத்தான் என்பது நான் கண்ணால் பார்த்த வரையில் என் கருத்து. அதற்குப் புள்ளிவிவரம் காட்டி வாதாட மாட்டேன்.

அடுத்தது, பக்கத்து நிலத்துக்காரர் எப்படி விற்றார் என்பது. மூன்று வழிகளில் ஒன்றாக இருக்கும். அவருடைய நிலம் புன்செய்யாகவோ, திட்டத்தில் குடியிருப்பு என்று குறிக்கப்பட்டதாகவோ இருந்து முறையாக அனுமதி பெற்றிருக்கலாம். அல்லது ஊராட்சித் தலைவரின் கையெழுத்தை வைத்து "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று விற்றிருக்கலாம். நகர் ஊரமைப்பு அலுவலகத்தின் தொழில்நுட்ப ஒப்புதல் இல்லாமல் அந்தக் கையெழுத்துக்கு மட்டும் மதிப்பில்லை. மூன்றாவது, பழைய அனுமதியற்ற மனைப்பிரிவாக இருந்து பிறகு வரன்முறை செய்யப்பட்டிருக்கலாம்.

இந்த மூன்றாவது வழியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், உங்கள் கோபத்துக்கு உண்மையான காரணம் அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக அனுமதி வேண்டும் என்று ஒரு துறை சொல்லும், அனுமதி இல்லாத மனையை இன்னொரு துறை பத்திரம் பதிந்து முத்திரைத் தீர்வை வாங்கிக்கொள்ளும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளைப் பதியக் கூடாது என்று தடை போட்டது. பத்திரப் பதிவு சில மாதங்கள் ஏறத்தாழ ஸ்தம்பித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதியிலிருந்து பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. விவசாய நிலத்தை அனுமதியின்றி மனையாக மாற்றி விற்கும் பத்திரத்தைச் சார்பதிவாளர் மறுக்க வேண்டும். அதற்கு முன்பே மனையாகப் பதிவானதென்றால் மறுபடி பதியலாம். 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. அந்த அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்குக் கட்டணம் கட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள், கெடுவையும் பலமுறை நீட்டித்தார்கள். யார் கட்டினார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் மனை வாங்கியவர்கள். 16 அடித் தெருவைப் போட்டு ஒன்பது மனை கூடுதலாக விற்றவர் எப்போதோ போய்விட்டார். வாங்கியவர் மனைக்கு ஒருமுறை, ஒப்புதலுக்கு ஒருமுறை என்று கட்டியும் அவருக்கு அகலமான தெரு வரவில்லை. அதே காலத்தில் விதியை மதித்துக் காத்திருந்த உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் ஏமாளிகளாகத் தங்களை உணர்ந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனாலும் வரன்முறையே செய்திருக்கக் கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. லட்சக்கணக்கான குடும்பங்கள் ஏற்கெனவே பணம் போட்டுவிட்டன. அவர்களைத் தெருவில் நிறுத்த முடியாது.

இனி விலைக்கு வருகிறேன். வரத்து குறைந்தால் விலை ஏறும் என்பது காய்கறிக்குப் பொருந்துவதுபோல நிலத்துக்கும் பொருந்துமா? ஓரளவுக்குப் பொருந்தும். ஒரே வரப்பின் இந்தப் பக்கம் வயலும் அந்தப் பக்கம் ஒப்புதல் பெற்ற மனையும் இருந்தால், சதுர அடிக்கணக்கில் மனையின் விலை பல மடங்கு இருக்கும். தெரு, வடிகால் போட்ட செலவைக் கழித்த பிறகும் ஒரு பெரிய தொகை மிஞ்சும். அது அனுமதி என்ற காகிதத்தின் விலை. அனுமதி அரிதாக இருப்பதால் அந்தத் தொகை உண்டாகிறது என்பதில் சந்தேகம் இல்லை. முழுமைத் திட்டங்கள் நேரத்துக்கு வராததும் அந்த அரிதுக்கு ஒரு காரணம். சென்னைக்கு முதல் முழுமைத் திட்டம் 1975-ல் வந்தது. இரண்டாவது 2008-ல்தான் வந்தது. நடுவில் 33 ஆண்டுகள். கோயம்புத்தூர் 1994-ல் ஒப்புதலான திட்டத்தை வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் ஓட்டியது. ஊர் வளர்ந்துகொண்டே இருக்கும்போது வரைபடம் மட்டும் பழையதாக இருந்தால், ஒவ்வொரு நிலத்துக்கும் தனித்தனியாக உபயோக மாற்றம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். காத்திருக்கப் பணமும் ஆள் பலமும் உள்ளவருக்கு அது கிடைக்கும், ஒன்றரை ஏக்கர்காரருக்குக் கிடைப்பது கடினம். இதில் உங்கள் குற்றச்சாட்டு சரியானது என்றே நினைக்கிறேன்.

ஆனால் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் விலை இறங்கிவிடுமா என்பதில் எனக்குப் பலமான சந்தேகம் உண்டு. 2016 வரை நடைமுறையில் கட்டுப்பாடு இல்லாமல்தானே இருந்தோம்? செங்கல்பட்டைத் தாண்டி மதுராந்தகம், திண்டிவனம் வரை நெடுஞ்சாலை ஓரமாகப் போய்ப் பாருங்கள். ஏக்கர் ஏக்கராகக் கல் நட்ட மனைகள் வீடில்லாமல் கிடக்கின்றன. மனைகளுக்குப் பஞ்சமே இல்லை. இருந்தும் சென்னையில் வீடு கட்ட நினைப்பவருக்கு அதனால் எதுவும் மலிவாகவில்லை. குடியிருக்கத் தகுந்த நிலம் என்றால் தண்ணீர், பேருந்து, பள்ளிக்கூடம், சாக்கடை எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதன் வரத்துதான் குறைவு. நம் ஊரில் நிலம் நகையைப் போலச் சேமிப்பும்கூட. பெண் கல்யாணத்துக்கு இருக்கட்டும் என்று வாங்கிப் போடும் மனையில் யாரும் குடியேறப் போவதில்லை. ஆகவே விலையேற்றத்தில் அரசின் கட்டுப்பாட்டுக்கு எவ்வளவு பங்கு, சேமிப்பாக முடங்கிய பணத்துக்கு எவ்வளவு பங்கு, சாலையும் தண்ணீரும் வராததற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்து எண் சொல்பவரை நான் நம்புவதில்லை. மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன.

பூட்டிவைப்பவரிடமிருந்து பறித்து வரத்தைக் கூட்டலாம் என்ற வழியையும் நாடு முயன்று பார்த்தது. 1976-ல் நடுவண் அரசு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் கொண்டுவந்தது. சென்னை உள்பட நான்கு பெருநகரங்களுக்கு அதில் காலி நில உச்சவரம்பு 500 சதுர மீட்டர். தமிழ்நாடு 1978-ல் தனக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. உபரி நிலம் ஏழைகளுக்கு வீடாகும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது என்னவென்றால், உரிமையாளர்கள் விலக்குக் கேட்டார்கள், வழக்குப் போட்டார்கள், நிலம் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் முடங்கியது. 1999-ல் இரண்டு சட்டங்களும் நீக்கப்பட்டன. அந்த நிலங்களை அரசு உண்மையில் சுவாதீனம் எடுத்ததா இல்லையா என்ற வழக்குகள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடின. வரத்தைக் கூட்ட வந்த சட்டம் வரத்தை அடைத்தது என்றுதான் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

அதைவிட நமக்குப் பாடமாக இருப்பது, அரசே நிலத்தைத் தயார்செய்து கொடுத்த காலம். தியாகராய நகர் எப்படி வந்தது? 1920-ல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் வந்த பிறகு, மாம்பலத்தின் நீண்ட ஏரியை வற்றவைத்து, முதலில் தெருவும் பூங்காவும் போட்டு, அப்புறம் மனை கொடுத்தார்கள். ஏரியை அழித்தது தவறு என்பதை இன்று எல்லோரும் அறிவோம். முகப்பேரில் ஏரித் திட்டம் என்றே ஒரு பகுதியின் பெயர் இருக்கிறது. அரசும் ஏரியில் வீடு கட்டியது என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. ஆனால் தெருவை முன்னால் போட்டது சரி. 1977-ல் உலக வங்கிக் கடனுடன் சென்னையில் தொடங்கிய மனையும் வசதிகளும் திட்டத்தை நான் இன்னும் மேலாக மதிக்கிறேன். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் போன்ற இடங்களில் அரசு வீடு கட்டிக் கொடுக்கவில்லை. தெரு, குடிநீர், சாக்கடையோடு சின்னச் சின்ன மனைகளைக் கொடுத்தது. பெரிய மனைகளையும் கடை மனைகளையும் லாபத்துக்கு விற்று, ஏழைகளின் மனை விலையைக் குறைத்தது. மக்கள் கையில் காசு வரவர அறை அறையாகக் கட்டிக்கொண்டார்கள். இன்று அந்தத் தெருக்களில் நடந்தால் திட்டமிட்ட ஊரில் நடப்பது தெரியும். அந்த அளவில் அந்த வேலை பிறகு தொடரவில்லை. நிலம் தயாரிக்கும் கையை அரசு சுருக்கிக்கொண்டது. 'கூடாது' என்று சொல்லும் கை மட்டும் நீண்டுகொண்டே வந்தது. உங்களுக்கும் அரசுக்கும் இருக்கும் சிக்கலை நான் இப்படித்தான் பார்க்கிறேன். நஞ்சையை மனையாக்காதே என்று சொல்கிற அரசு, எங்கே மனை வரலாமோ அங்கே முன்கூட்டியே தெருவும் தண்ணீரும் கொண்டுபோய் வைத்திருந்தால், உங்கள் வயலைக் கேட்டு எந்தத் தரகரும் வந்திருக்க மாட்டார்.

இதைச் செய்ய முடியும் என்பதற்கு நாட்டுக்குள்ளேயே உதாரணம் உண்டு. குஜராத்தில் நகரமைப்புத் திட்டம் என்ற முறை, 1915-ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டத்திலிருந்து தொடர்ந்து வருகிறது. ஊர் விரியப்போகும் திசையில் நூறு ஹெக்டேர் அளவுக்கு எல்லோருடைய வயலையும் சேர்த்து ஒன்றாக வரைவார்கள். ஒவ்வொருவரும் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும். அதிலிருந்து சாலை, பூங்கா, பள்ளிக்கூடம், ஏழைகளுக்கான மனை எல்லாம் வரும். மீதி நிலம் ஒழுங்கான வடிவில் சாலையோரமாக அதே உரிமையாளருக்கே திரும்பும். அளவு குறையும், மதிப்பு கூடும். அகமதாபாத்தைச் சுற்றி 76 கிலோமீட்டர் வட்டச் சாலைக்கான நிலத்தின் பெரும்பகுதியை இந்த முறையில்தான் எடுத்தார்கள். நம்முடைய வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையை நிலம் கையகப்படுத்திப் போட்டோம். பாதையில் இருந்தவருக்கு நிலம் முழுவதும் போயிற்று, அடுத்த வரப்புக்காரருக்கு எதுவும் போகாமல் விலை மட்டும் ஏறியது. குஜராத் முறையிலும் தாமதம் உண்டு, சிறு உரிமையாளருக்கு மிஞ்சும் துண்டு போதாமல் போவதும் உண்டு. இருந்தாலும் இழப்பையும் லாபத்தையும் எல்லோருக்கும் பங்கிடுவதில் அதைவிட நியாயமான முறையை நான் பார்த்ததில்லை. தமிழ்நாடும் 2018-ல் சட்டத்தைத் திருத்தி நிலத் தொகுப்புக்கு இடம் கொடுத்திருக்கிறது. காகிதத்தில் இருப்பது வயலுக்கு வர வேண்டும்.

உங்கள் நிலத்துக்கு வருகிறேன். முதல் வேலையாக, கிராமம் திட்டப் பகுதிக்குள் வருகிறதா, வந்தால் உங்கள் சர்வே எண்ணின் உபயோகம் என்ன என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முழுமைத் திட்டத்தில் சாலைக்கோ பூங்காவுக்கோ என்று உங்கள் நிலத்தை ஒதுக்கியிருந்தால், மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தாவிட்டால் அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகக் கொள்ள நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு வழி செய்கிறது. அதை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். விவசாய உபயோகம் என்று குறித்திருப்பதற்கு இந்தப் பிரிவு பொருந்தாது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சுற்றி ஏற்கெனவே வீடுகள் வந்து, பாசனமும் நின்றுவிட்ட நிலமாக இருந்தால் உபயோக மாற்றத்துக்கு முறையாக விண்ணப்பியுங்கள். தனியாகப் போவதைவிட, பக்கத்து நிலத்துக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வரைபடமாகப் போனால் தெருவும் நன்றாக அமையும், செலவும் குறையும். தரகர் யாராவது "அனுமதி எல்லாம் வேண்டாம், மனையாகப் பிரிக்காமல் மொத்த நிலத்தில் ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிக்கப்படாத பாகமாக எழுதிக் கொடுத்துவிடலாம்" என்று வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாங்குபவர் வீடு கட்ட வரைபட அனுமதி கேட்கும் நாளில் அந்தச் சிக்கல் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

நிலம் இன்னும் தண்ணீர் பாயும் நிலமாக இருந்தால், விற்பதற்கு முன்னால் குத்தகைக்குக் கேட்டுப் பாருங்கள். ஆள் பிரச்சினைக்கு நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வைத்திருக்கும் பக்கத்துக்காரர்கள் சிலர் சேர்த்துப் பயிர் செய்யத் தயாராக இருப்பார்கள். இது எல்லோருக்கும் ஒத்துவராது, அப்பாவின் உடல்நிலையும் வீட்டுத் தேவையும் உங்களுக்குத்தான் தெரியும். புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒருமுறை வயலுக்குப் போய், உங்கள் மடையிலிருந்து தண்ணீர் அடுத்து யாருடைய நிலத்துக்குப் போகிறது, எத்தனை ஏக்கர் அதை நம்பி இருக்கிறது என்று நடந்து பாருங்கள். வாய்க்கால் உங்கள் நிலத்தோடு முடிகிறதா, தாண்டிப் போகிறதா என்பதை இங்கேயே எழுதுங்கள். முடிகிறது என்றால் விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும் என்று சொல்கிறேன். தாண்டிப் போகிறது என்றால் அதைத் தெருவோரமாகக் கொண்டுபோகும்படி ஒரு வரைபடம் எப்படி அமையலாம் என்று போட்டுக் காட்டுகிறேன்.